பென் ட்ரைவ் வாங்கப் போகிறீர்களா? ஒன்றாக வேண்டாம், இரண்டாக வாங்குங்கள்



கடந்த சில மாதங்களாக எனக்கு வருகின்ற கடிதங்களிலும், கணினி வகுப்புக்கு வருகின்ற சகோதரிகளின் வாயிலும் ஒரே கேள்விதான் வருகிறது. “அக்கா, கைப்பைக்குள் வைக்கச் சின்னதாய் ஒரு பென் ட்ரைவ் வாங்க வேணும். எது நல்லது? எத்தனை ஜிபி வாங்கலாம்?” ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் எழுதுவதை விட இந்தப் பக்கத்திலேயே எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

பென் ட்ரைவ் ஒரு பெரிய பொருள் அல்ல. பெருவிரல் அளவுதான். 2000ஆம் ஆண்டின் இறுதியில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தபோது அதில் வெறும் 8 எம்பி அளவுதான் கொள்ளும். அதற்கு முன்னர் நாம் பயன்படுத்திய பிளொப்பித் தட்டில் 1.44 எம்பி. இன்றைக்குக் கடையில் கிடைக்கிற சாதாரண 16 ஜிபி ட்ரைவ் ஒன்றில், அந்தப் பிளொப்பித் தட்டுகள் பத்தாயிரத்துக்கு மேல் அடங்கிவிடும். இவ்வளவையும் ஒரு சின்னப் பொருளுக்குள் போட்டுவிட்டு அதைத் தொலைத்தால் என்ன ஆகும் என்பதையும் நாம் யோசிக்க வேண்டும்.

எதற்காக வாங்குகிறீர்கள்?

கடைக்குப் போகுமுன் இந்தக் கேள்வியை உங்களிடமே கேளுங்கள். என்னிடம் கேட்டவர்களில் ஒரு சகோதரி தையல் நிலையம் நடத்துகிறார். சட்டை மாதிரிகளையும் கணக்குகளையும் கொண்டுபோய் அச்சிட வேண்டும். இன்னொருவர், உயர்தரம் படிக்கிற மகளுக்குக் கடந்தகால வினாத்தாள்களை வாங்கி வர வேண்டும் என்றார். மூன்றாமவர் ஒரு வயதான அம்மா. அவருடைய பையில் மகனின் பிறப்புச் சான்றிதழ், பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, சர்வதேச செஞ்சிலுவைக் குழு கொடுத்த துண்டு, மகனின் ஒரேயொரு பாடசாலைப் படம் ஆகியவை இருந்தன. பதினைந்து வருடத்துக்கு மேலாக அவற்றைக் கையோடு கொண்டு திரிகிறார். மடிப்புகளில் தாள் கிழியத் தொடங்கிவிட்டது.

முதல் இரண்டு பேருக்கும் வேண்டியது ஊர் சுற்றுகிற ட்ரைவ். கொமியூனிகேஷன் கடைக்கும், பாடசாலைக்கும், சங்கத்துக்கும் அது போய் வரும். பல கணினிகளில் ஏறி இறங்கும். தொலைந்தால் மனம் சலிக்கும், ஆனால் வாழ்க்கை நின்றுவிடாது. அந்த அம்மாவுக்கு வேண்டியது வீட்டில் இருக்கிற ட்ரைவ். அது ஊர் சுற்றக் கூடாது.

நம்மில் பலருக்கு இரண்டு தேவையும் உண்டு. ஆனால் ஒரே ட்ரைவில் இரண்டையும் போட்டுவிடுகிறோம். காணிப் பத்திரம், இறந்தவரின் படம், பிள்ளையின் பாட்டு, கல்யாண அழைப்பிதழ் எல்லாம் ஒரே சின்னக் குச்சிக்குள். அதனால்தான் சொல்கிறேன், பெரிய அளவில் ஒன்று வாங்குகிற காசுக்குச் சிறிய அளவில் இரண்டு வாங்குங்கள். நிறமும் வேறு வேறாக இருக்கட்டும். கறுப்பு வெளியே போகட்டும், சிவப்பு வீட்டில் இருக்கட்டும்.

எவ்வளவு ஜிபி வேண்டும்?

விற்பவர் பெரிய இலக்கத்தைக் காட்டுவார். நாம் நம்முடைய கணக்கைப் பார்ப்போம். ஒரு பத்திரத்தை ஸ்கான் செய்தால் ஏறக்குறைய 1 எம்பி வரும். 16 ஜிபி ட்ரைவில் இப்படிப் பல ஆயிரம் பக்கங்கள் கொள்ளும். கைத்தொலைபேசியில் எடுக்கிற படம் ஒன்று 3, 4 எம்பி என்று வைத்தாலும் நாலாயிரம் படம் வரை கொள்ளும். பழைய கல்யாண வீடியோ டிவிடி ஒன்று 4.7 ஜிபி வரை பிடிக்கும். ஆகவே பத்திரங்களுக்கும் படங்களுக்கும் 16 ஜிபி தாராளம். வீடியோவும் சேர்க்க விரும்பினால் 32 ஜிபி போதும்.

32 ஜிபி என்று எழுதியிருக்கிற ட்ரைவைக் கணினியில் போட்டால் 29.8 என்றோ அதற்குக் கொஞ்சம் குறைவாகவோ காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போக வேண்டாம். தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் கணினி 1024 ஆக எண்ணுகிறது. அந்த வித்தியாசம்தான்.

உடம்பு எப்படி இருக்க வேண்டும்?

நகத்தளவே உள்ள மிகச் சிறிய ட்ரைவ்கள் வருகின்றன. மடிக்கணினியில் செருகி அப்படியே விட்டுவிடுவதற்காக அவை செய்யப்பட்டவை. பைக்குள் போட்டால் அரிசிக்குள் விழுந்த கல்லைப் போலத் தேட வேண்டியிருக்கும். பெரிய கோப்புகளை நெடுநேரம் ஏற்றும்போது சூடும் ஏறும், சூடு தணிய அதில் இடம் இல்லை. நமக்கு அது வேண்டாம். பெருவிரல் நீளத்தில், வளையம் கோக்கத் துவாரம் உள்ளதாகப் பாருங்கள். திறப்புக் கோர்வையிலோ, சிவப்பு நூல் கட்டியோ வைத்துக்கொள்ளலாம்.

தனியே கழற்றுகிற மூடி உள்ளதை வாங்கினால் ஒரு மாதத்தில் மூடி காணாமல் போய்விடும். தள்ளினால் உள்ளே போகிற வகையோ, சுழன்று மூடுகிற வகையோ நல்லது. உலோக உடம்பு நசுங்காது. ஆனாலும் கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் உப்புக்காற்றைக் கவனிக்க வேண்டும். செருகும் வாயில் துரு ஏறினால் கணினி அதை அடையாளம் காணாது. சின்ன சிப் பைக்குள் போட்டு வையுங்கள்.

கணினி இல்லாமல் கைத்தொலைபேசி மட்டும் வைத்திருப்பவர்களே நம்மிடையே அதிகம். அவர்கள் இரண்டு பக்கமும் வாயுள்ள ட்ரைவைக் கேட்டு வாங்கலாம். ஒரு பக்கம் கணினிக்கு, மறு பக்கம் தொலைபேசிக்கு. புதிய தொலைபேசிகளுக்கு டைப் சி வாய் வேண்டும். பழையதற்கு மைக்ரோ யூ.எஸ்.பி. வாய். கடைக்குப் போகும்போது உங்கள் தொலைபேசியையும் சார்ஜரையும் கொண்டுபோய்ப் பொருந்துகிறதா என்று அங்கேயே செருகிப் பாருங்கள். சில தொலைபேசிகளில் ‘ஓ.டி.ஜி.’ என்ற வசதியை செட்டிங்கில் திறந்தால்தான் ட்ரைவ் தெரியும்.

உள்ளே வாய்ப்பகுதி நீல நிறமாக இருந்தால் அது பெரும்பாலும் யூ.எஸ்.பி. 3 வகை. வேகமானது. ஆனால் கடையில் உள்ள பழைய கணினியில் பழைய யூ.எஸ்.பி. 2 துவாரம்தான் இருந்தால் அது பழைய வேகத்தில்தான் ஓடும். நாலு பத்திரம் அச்சிடுவதற்காக வேகத்துக்கு மேலதிகக் காசு கொடுக்கத் தேவையில்லை.

போலியைக் கண்டுபிடிப்பது எப்படி?

இதைக் கொஞ்சம் கவனமாக வாசியுங்கள். நடைபாதையிலும் சந்தையிலும் 512 ஜிபி, 1 டிபி, 2 டிபி என்று எழுதிய ட்ரைவ்கள் நம்ப முடியாத மலிவு விலைக்குக் கிடைக்கின்றன. பல உள்ளே வெறும் 8 அல்லது 16 ஜிபிதான். ட்ரைவுக்குள் இருக்கிற கட்டுப்பாட்டுச் சிப்பை மாற்றி, கணினிக்குப் பொய் சொல்ல வைத்திருப்பார்கள். கணினியும் நம்பிப் பெரிய இலக்கத்தைக் காட்டும். நாம் கோப்புகளை ஏற்றும்போது எல்லாம் ஏறியது போலவே தெரியும். உண்மையான அளவு நிரம்பிய பிறகு ஏறியவை எங்கும் இல்லை. சிலவற்றில் புதியது பழையதை அழித்துக்கொண்டு போகும். பெயர் மட்டும் இருக்கும், திறந்தால் ஒன்றும் இராது.

எங்கள் வகுப்புக்கு வந்த ஒரு சகோதரிக்கு இப்படித்தான் நடந்தது. வெளிநாட்டில் இருந்த சொந்தக்காரரிடம் எஞ்சியிருந்த குடும்பப் படங்களையெல்லாம் வாங்கி அப்படியான ஒரு ட்ரைவில் சேர்த்திருந்தார். தன் கணவரின் முகம் தெரிகிற படங்கள் அதில்தான் இருந்தன. திறந்து பார்த்தபோது பாதிப் படங்கள் சாம்பல் நிறக் கோடுகள். நல்ல வேளையாக அந்தச் சொந்தக்காரர் தன்னிடம் இருந்தவற்றை அழித்திருக்கவில்லை, திரும்ப அனுப்பினார். அவர் அழித்திருந்தால் மீட்பதற்கு வழியே இல்லை.

எனவே சான்டிஸ்க், கிங்ஸ்டன் போன்ற அறிந்த பெயரில், பற்றுச்சீட்டும் உத்தரவாதமும் தருகிற கடையில் வாங்குங்கள். அறிந்த பெயரிலும் போலிகள் உண்டு. ஆகையால் எதை வாங்கினாலும் சோதித்துப் பார்த்த பிறகே பாவியுங்கள். சோதனை சுலபம். ஒரு பெரிய வீடியோவைத் திரும்பத் திரும்ப வேறு வேறு பெயரில் ஏற்றி ட்ரைவை முழுதாக நிரப்புங்கள். பிறகு கழற்றி, திரும்பச் செருகி, முதலாவது, நடுவில் உள்ளது, கடைசியானது மூன்றையும் ஓடவிட்டுப் பாருங்கள். மூன்றும் தடையில்லாமல் ஓடினால் பெரும்பாலும் நல்ல ட்ரைவ். ‘எச்2டெஸ்ட்டபிள்யூ’ என்ற இலவச மென்பொருள் இதே வேலையை இன்னும் திருத்தமாகச் செய்யும். பயிற்சி நிலையங்களில் உள்ளவர்களிடம் கேளுங்கள். பற்றுச்சீட்டைச் சோதனை முடியும் வரைக்குமாவது எறிய வேண்டாம்.

கடைக் கணினியும் வைரசும்

பலர் பாவிக்கிற கணினியில் செருகினால் ட்ரைவில் வைரஸ் தொற்றுவது சாதாரணம். நம்மூர்க் கடைகளில் அதிகம் காண்கிறது ‘ஷோர்ட்கட் வைரஸ்’. ட்ரைவைத் திறந்தால் நம்முடைய கோப்புறைகளின் பெயரோடு ஓரத்தில் சின்ன அம்புக்குறி தெரியும். கோப்புகள் எல்லாம் போய்விட்டன என்று நெஞ்சு பதறும்.

பதற வேண்டாம். பெரும்பாலும் கோப்புகள் அழிவதில்லை. வைரஸ் அவற்றை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஒரு போலி வழியை வைக்கிறது. அந்த அம்புக்குறி உள்ளதை அழுத்தக் கூடாது, அழுத்தினால் வைரஸ் ஓடத் தொடங்கும். கடையில் உள்ளவர் “ஃபோமட் பண்ணித் தரட்டா?” என்று உதவிக்குக் கேட்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள். விடயம் தெரிந்த ஒருவரிடம் கொடுத்தால் வைரசை அகற்றி மறைந்த கோப்புகளை வெளியே எடுக்கலாம்.

இதற்காகத்தான் இரண்டு ட்ரைவ் என்று சொன்னேன். வெளியே போகிற கறுப்பு ட்ரைவில், அன்றைக்கு அச்சிட வேண்டிய கோப்பை மட்டும் ஏற்றிக் கொண்டு போங்கள். வீட்டிலுள்ள சிவப்பு ட்ரைவைக் கடைக் கணினியில் ஒருபோதும் செருக வேண்டாம். கறுப்பில் வைரஸ் வந்தாலும், தொலைந்தாலும், போவது ஒரு கோப்பின் பிரதி மட்டுமே.

நமது படம், நமது மானம்

கடைக் கணினியில் ட்ரைவைச் செருகிய உடனேயே உள்ளே இருக்கிற எல்லாவற்றையும் ஒரு நிமிடத்தில் பிரதி எடுத்துவிடலாம். தனித்து வாழ்கிற பெண்களின் படங்களை இப்படி எடுத்துப் பிறகு மிரட்டுவதும் உண்டு. ஆகவே ட்ரைவைக் கொடுத்துவிட்டு வெளியே நிற்காதீர்கள். பக்கத்தில் இருந்து பாருங்கள். அச்சிட்டு முடிந்ததும், கணினியில் பிரதி வைத்திருந்தால் அதை அழிக்கச் சொல்லுங்கள், குப்பைக் கூடையிலிருந்தும் அழிக்கச் சொல்லுங்கள். இதைக் கேட்பது மரியாதைக் குறைவல்ல, உங்கள் உரிமை.

ட்ரைவில் அழித்த படத்தையும் மென்பொருள் மூலம் மீட்க முடியும். ஆகையால் பழைய ட்ரைவைத் தெரியாதவருக்குக் கொடுக்கவோ விற்கவோ வேண்டாம். யாராவது படத்தை வைத்து மிரட்டினால் பணம் கொடுத்து மறைக்கப் பார்க்காதீர்கள். 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம். தவறு செய்தவர் மிரட்டுபவர், நீங்கள் அல்ல.

தனிப்பட்டவற்றுக்குக் கடவுச்சொல் போடலாம். ‘செவன் சிப்’ என்ற இலவச மென்பொருளில் கோப்புகளைச் சேர்த்துப் பூட்டி வைக்கலாம். ஆனால் கடவுச்சொல்லை மறந்தால் உங்களாலும் திறக்க முடியாது. நம்பிக்கையான ஒருவருக்கு அது தெரிந்திருக்கட்டும். அந்தரங்கமானதை மட்டும் பூட்டுங்கள், பிறப்புச் சான்றிதழைப் பூட்டி அவசரத்தில் தவிக்க வேண்டாம்.

வீட்டு ட்ரைவில் என்ன இருக்க வேண்டும்?

நாம் எத்தனை தடவை ஓடியிருக்கிறோம்! 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் சகோதரிகள், 1995இல் வலிகாமத்தை விட்டு நடந்தவர்கள், 2004 ஆழிப்பேரலையில் வீட்டையே இழந்தவர்கள், 2009இல் வன்னியில் சொப்பிங் பைக்குள் பத்திரங்களைச் சுற்றி நெஞ்சோடு வைத்திருந்தவர்கள், நிலத்தில் புதைத்துவிட்டு வந்து பிறகு அந்த இடத்தையே கண்டுபிடிக்க முடியாமல் போனவர்கள். 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோதும் எத்தனையோ வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. தாள் நனையும், எரியும், கிழியும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

காணாமற்போனவர்களைத் தேடுகிற சகோதரிகளுக்கு இது இன்னும் முக்கியம். 2010இல் அமைத்த நல்லிணக்க ஆணைக்குழு, 2013இல் அமைத்த காணாமற்போனோர் பற்றிய ஜனாதிபதி ஆணைக்குழு, 2018இல் இயங்கத் தொடங்கிய காணாமற்போனோர் அலுவலகம் என்று ஒவ்வொரு வாசலிலும் அதே பத்திரங்களைக் காட்டியிருக்கிறார்கள். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமைக்கான சான்றிதழ் பெறுவதற்கும் பத்திரங்கள் வேண்டும். ஒவ்வொரு தடவையும் மூலப்பிரதியை வெளியே எடுத்தால் அது எத்தனை காலத்துக்குத் தாங்கும்?

வீட்டு ட்ரைவில் இவற்றை வையுங்கள்: பிறப்பு, விவாக, இறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டைகளின் இரு பக்கமும், காணி உறுதி அல்லது அனுமதிப்பத்திரம், பிள்ளைகளின் கல்விச் சான்றிதழ்கள், கிளினிக் கொப்பி, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், முறைப்பாடுகளும் அவற்றுக்குக் கிடைத்த பதில்களும், குடும்பப் படங்கள். கோப்பின் பெயரைத் தெளிவாக, ஆளின் பெயரும் பத்திரத்தின் பெயரும் வருடமுமாக எழுதுங்கள்.

ட்ரைவில் உள்ள பிரதி மூலப்பத்திரத்துக்கு ஈடாகாது. அலுவலகத்தில் உறுதிப்படுத்திய பிரதியையே கேட்பார்கள். ஆனால் மூலம் தொலைந்துபோனால், பதிவு இலக்கமும் திகதியும் உங்கள் கையில் இருப்பதே பெரிய உதவி. பிரதேச செயலகத்தில் அந்த இலக்கத்தைக் கொடுத்தால் தேடும் வேலை பெரும்பகுதி குறைந்துவிடும். ஆகவே மூலப்பத்திரத்தை எறிந்துவிடாதீர்கள், அதுவும் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கட்டும்.

ட்ரைவும் சாகாவரம் பெற்றதல்ல. அது தகவலை மிக நுண்ணிய மின்னேற்றமாகப் பிடித்து வைத்திருக்கிறது. காலம் போகப் போக அது கசியும், வெப்பம் அதை விரைவுபடுத்தும். தகரக் கூரையின் கீழும், சாமி விளக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள். வருடத்துக்கு ஒரு தடவை, தைப்பொங்கலுக்கோ பெருநாளுக்கோ வீடு துப்புரவாக்கும்போது, நம்பகமான கணினியில் செருகி ஒவ்வொரு கோப்பையும் திறந்து பாருங்கள். நாலைந்து வருடத்தில் புதிய ட்ரைவ் ஒன்றுக்கு மாற்றிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. வீட்டு ட்ரைவுக்கு ஒரு பிரதி எடுத்து, வேறு ஊரிலுள்ள சகோதரியிடமோ வெளிநாட்டிலுள்ள பிள்ளையிடமோ கொடுத்து வையுங்கள். இரண்டையும் ஒரே அலுமாரியில் வைத்தால் வெள்ளத்துக்கு இரண்டும் ஒன்றுதான். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் அதோடு போயின. 2005இல் தொடங்கிய நூலகம் இணையத் திட்டம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மின்பிரதிகளாக்கிச் சேர்த்து வருகிறது. ஊருக்கு அவர்கள் செய்வதை நம் வீட்டுக்கு நாம் செய்வோம்.

இந்த மாதம் எல்லாவற்றையும் செய்து முடிக்க வேண்டும் என்றில்லை. முதலில் ஐந்து பத்திரங்களை மட்டும் எடுத்து வையுங்கள். சங்கத்தில் நாலு பேர் சேர்ந்தால் ஒரு பின்னேரத்தில் எல்லோருடையதையும் ஸ்கான் செய்துவிடலாம். ஸ்கானர் இல்லாமல் கைத்தொலைபேசியாலேயே பத்திரத்தை நிழல் விழாமல் எடுப்பது எப்படி என்பதை அடுத்த இதழில் எழுதுகிறேன். உங்கள் கேள்விகளை வழமைபோல அனுப்புங்கள்.